பங்கருக்குள் மணவறை

எங்கள் வீட்டில் திருகுதாளம் செய்வது கணவர், அதை மூடி மறைப்பது நான். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் வேலை இப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. மணவறை விஷயத்திலும் அதுதான் நடந்தது.

கிழமை நாட்களில் அவர் சுவிசில், ஓல்டன் நகரில், ஒரு பொதிக் களஞ்சியத்தில் வேலை செய்கிற சாதாரண மனிதர். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆனால் ஆளே வேறு. கலியாணங்களுக்கு மணவறை போட்டுக் கொடுக்கும் கலைஞர் ஆகிவிடுவார். தொடங்கியபோது நான்கு தூணும் ஒரு துணியும்தான் இருந்தன. பிறகு பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் அட்டையில் யானைத் தலை செய்தார். யானை இருந்தால் மயில் வேண்டாமா என்றார். மயில் வந்தது, அதற்குச் சோடியும் வந்தது. மணமக்கள் இருப்பதற்குச் சிவப்பு வெல்வெட் போட்ட இரட்டைச் சிம்மாசனம் ஒன்றை ரெனான் என்ற ஊரில் யாரோ விற்கிறார்கள் என்று போய்த் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் வாழைமரம், பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், தங்க நிறம் பூசிய கலசங்கள் என்று மணவறை குட்டி போட்டுக்கொண்டே போனது.

இவ்வளவையும் வைப்பதற்கு மூன்று அறை வீட்டில் எங்கே இடம்? அவர் கண் கீழே போனது.

சுவிசில் பல வீடுகளுக்குக் கீழே, நிலத்துக்கு அடியில், ஒரு பாதுகாப்பு அறை இருக்கும். ஒரு சாணுக்கு மேல் தடிப்பான கொங்கிரீட் கதவு, யன்னல் இல்லாத சுவர், வெளிக்காற்றை இழுத்து வடிகட்டித் தரும் ஒரு இயந்திரம், மின்சாரம் நின்றால் அதைக் கையால் சுற்றுவதற்கு ஒரு பிடி. யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது. யுத்தம் வராதபடியால் ஆட்கள் அதற்குள் பனிச்சறுக்குப் பலகையும் வைன் போத்தலும் வைப்பார்கள். அதற்கு ஜேர்மன் மொழியில் நீளமான பெயர் ஒன்று உண்டு. எங்களுக்கு அது பங்கர். அந்தச் சொல்லைக் கேட்டால் என் கணவருக்குச் சிரிப்பு வரும். பதினான்கு வயதில் சொந்த வளவுக்குள் மண் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, உண்மையான பங்கர் கட்டிய மனிதர் அவர்.

அப்படிப்பட்டவர்தான் இந்த நாட்டுப் பங்கரை யானைத் தலையால் நிரப்பினார். எங்களுக்கென்று ஒதுக்கிய மரச்சட்ட அறை முதலில் நிரம்பியது. பிறகு எல்லோருக்கும் பொதுவான நடுப்பகுதியில் ஒரு தூண் போய் நின்றது. மற்றத் தூண்களும் அதைத் தேடிப் போயின.

எங்கள் கட்டடத்தில் ஆறு குடும்பங்கள். நிலமட்ட வீட்டில் ஒரு சுவிஸ்காரர் தனியாக இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டார். வாழ்நாள் முழுவதும் ரயில் ஓட்டியவர். வீட்டுக்குள் நாங்கள் அவரை ரயில்காரர் என்றுதான் சொல்வோம். அவரை யாரும் கட்டடப் பொறுப்பாளராக நியமிக்கவில்லை, அவராகவே நியமித்துக்கொண்டார். உடுப்புத் தோய்க்கும் அறையில் உன் முறை நான்கு மணிக்கு முடிகிறது என்றால், நான்கு ஒன்றுக்கு அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பார். கோபப்பட மாட்டார். மணிக்கூட்டை மட்டும் பார்ப்பார். அதற்குப் பேசாமல் இரண்டு அடி போடலாம்.

அந்தக் கோடையில் அவர் படிக்கட்டுப் பலகையில் ஒரு கடதாசி ஒட்டினார். பாதுகாப்பு அறையின் நடுப்பகுதி எல்லோருக்கும் உரியது, மாத முடிவுக்குள் வெறுமையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கீழே கோடு போட்டுக் கையெழுத்து.

கணவரிடம் சொன்னேன். “ஓம், ஓம், எடுக்கிறன்” என்றார். அவருடைய ஓம் எனக்குத் தெரியாதா? இரண்டு ஓம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கவலை இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

கணவரும் மகளும் பத்து வருடத்துக்கு முன்னமே சுவிஸ் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். நான் மட்டும் மொழிப் பரீட்சையில் தவறிப் பின்தங்கிவிட்டேன். பிறகு வேலை, அலுப்பு, வெட்கம் என்று நாள் போய்விட்டது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, விமான நிலையத்தைத் தவிர. அங்கே அவர்கள் இரண்டு பேரும் ஒரு வரிசையில் விறுவிறு என்று போவார்கள். நான் மற்ற வரிசையில் நிற்பேன். மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, கண்ணாடிக்கு அங்கால் நின்றுகொண்டு எனக்குக் கை காட்டினாள். நானும் சிரித்துக்கொண்டு கை காட்டினேன். உள்ளுக்குள் எனக்கு அழுகை வந்தது. என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு நான் வெளிநாட்டுக்காரி. அந்தக் கண்ணாடி என் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது.

கடைசியில் ஐம்பத்து மூன்று வயதில் மொழிப் பரீட்சையில் தேறினேன். விண்ணப்பமும் போட்டேன். எங்கள் கெமைண்டவில், அதாவது ஊர்ச் சபையில், என்னைத் தெரிந்த ஒரு அயலவரின் பெயரைக் கேட்டார்கள். அவருக்கு ஒரு படிவம் போகும், இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று அவர் எழுத வேண்டும். பதினொரு வருடமாக என் மணிக்கூட்டுப் பிழைகளைக் கவனித்துவரும் ரயில்காரரைத் தவிர யாரை எழுதுவேன்? முதுகெலும்பு சத்திரசிகிச்சைக்கு அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தோட்டத்துத் தக்காளிக்குத் தண்ணீர் விடச் சொல்லித் தன் வீட்டுத் திறப்பை, அதாவது சாவியை, என்னிடம்தான் தந்திருந்தார். அவர் பெயரைத்தான் எழுதினேன்.

மாத முடிவு வந்தது. படிக்கட்டில் அவர் என்னை மறித்தார். படிவம் வந்து மேசையில் இருக்கிறது, ஆறுதலாக இருந்து எழுத வேண்டும் என்றார். அதே மூச்சில், “கீழே நடுப்பகுதி வெறுமையாகிவிட்டதா?” என்று கேட்டார்.

“ஓம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்” என்றேன்.

ஒரு முறை பரீட்சையில் தவறியவள் நான். அந்த ஒரு வசனம் மட்டும் ஒரு பிழையும் இல்லாமல், தேன் மாதிரி, ஜேர்மனில் வந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். படி இறங்கிக் கீழே போய்ப் பார்க்க முதுகு விடாது என்று எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் என் பூசணிக்காய்க்குத் தும்பிக்கை இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் வின்டர்தூரில் ஒரு கலியாணம் முடிந்து, அன்று காலை மணவறை திரும்பி வந்து, கம்பளமும் குத்துவிளக்கும் தவிர முழுவதும் பங்கருக்குள் அடைந்துவிட்டது. ஒரு நாளும் இல்லாத வெக்கை. நான் குசினியில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி இருக்கும், வீட்டில் இருந்த மூன்று கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சாதாரண மணி இல்லை. பிள்ளை கட்டிலால் விழுந்தால் தாய் கத்துவது போன்ற சத்தம்.

மகள் ஓடிவந்து வாசித்தாள். கடும் புயல், பெரிய ஆலங்கட்டி, சுழல்காற்றும் வரக்கூடும், யன்னல்களை விட்டு விலகி நிலவறைக்குப் போகவும்.

“சுழல்காத்தோ? இஞ்சையோ?” என்றார் கணவர். நம்பாமல் பல்கனிக்குப் போனார். மேற்கே ஆரை ஆற்றுக்கு அங்கால் வானம் கீரை அவித்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஒரு இலை ஆடவில்லை. குருவிச் சத்தமும் இல்லை. அவர் திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

“வான்!” என்றார்.

“என்ன வான்?”

“வெளியில நிக்குதப்பா! கல்லு விழுந்தால் கண்ணாடி போச்சு!” மணவறைக்கு விரிக்கிற சிவப்புக் கம்பளத்தைத் தூக்கிக்கொண்டு கீழே பறந்தார். யன்னலால் பார்த்தேன். என் கணவர் மணவறை ஏற்றுகிற வானுக்குச் சிவப்புக் கம்பளம் போர்த்தி, அது பறக்காமல் இருக்கக் குத்துவிளக்கு இரண்டைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தார். வான் கலியாணப் பொம்பிளை மாதிரி நின்றது.

“இஞ்சாருங்கோ! விட்டிட்டு வாங்கோ! உங்களுக்கென்ன விசரோ?” என்று கத்தினேன்.

“முடிஞ்சுது, முடிஞ்சுது!” என்றார். ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், இவர் குத்துவிளக்கை நம்புகிறார்.

அடுப்பை நிறுத்தினேன். வாசல் கொழுக்கியில் தொங்கும் கறுப்புப் பையை எடுத்துத் தோளில் போட்டேன். பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, வதிவிடப் பெர்மிட், காப்புறுதிக் கடதாசி எல்லாம் அதற்குள். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அந்தப் பை எந்த வீட்டிலும் வாசலோடுதான் தொங்கும். மகள் இதைப் பெரிய பகிடியாக எடுப்பாள். “அம்மா, இது சுவிஸ். ஓட வேண்டி வராது” என்பாள். அன்றைக்கு அவள்தான் முதலில் கேட்டாள்: “அம்மா, பை எடுத்திட்டீங்களோ?”

கீழே இறங்கினோம். கொங்கிரீட் கதவை மகள் தோளால் தள்ளித் திறந்தாள். விளக்கைப் போட்டாள். நடுவில், தூண்களுக்கும் யானைகளுக்கும் இடையில், சிவப்புச் சிம்மாசனம் எங்களைப் பார்த்தபடி இருந்தது. அதைத் தவிர நிற்பதற்கு ஒரு பாய் அளவு இடம் மிச்சம்.

பின்னால் இரண்டாம் மாடிக் கொசோவோக்காரத் தம்பதி குழந்தையோடு வந்துவிட்டார்கள். குடிவந்து ஆறு மாதம்தான். கணவன் வாசலில் அப்படியே நின்றான். “இது… எல்லா சுவிஸ் வீட்டிலும் இருக்குமா?” என்று மகளிடம் ஜேர்மனில் கேட்டான். அவள் சிரிப்பை அடக்க மயிலுக்குப் பின்னால் போய்விட்டாள். என் கணவரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தூண்களைச் சுவரோடு சாய்த்து, யானைகளை ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார். குழந்தைக்காரியைச் சிம்மாசனத்தில் இருத்தினோம்.

நான் எண்ணினேன். பங்கருக்குள் இறங்கினால் தலை எண்ணுவது எங்கள் பழக்கம், அது கையோடு வந்த பழக்கம். மற்ற மூன்று குடும்பமும் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். அப்படியானால் ஒரு தலை குறைகிறது.

“ரயில்காரர் வரேல்லை” என்றேன்.

“கைபேசி அடிச்சிருக்குமே. வருவார்” என்றார் கணவர்.

வர மாட்டார். எனக்குத் தெரியும். நான் இருபது வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். காது கேட்கும் கருவி போடுகிறவர்கள் மதியத் தூக்கத்துக்கு அதைக் கழற்றிவிடுவார்கள். அவரும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்குச் சாப்பிட்டு முடித்து, தோட்டத்துப் பக்கம் இருக்கிற பெரிய கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், கதிரையில் சாய்ந்து, மூன்று மணி வரைக்கும் தூங்குவார். கைபேசி அலறினாலும் சரி, வானம் இடிந்து விழுந்தாலும் சரி, அவருக்கு மூன்று மணிக்குத்தான் விடியும்.

“கூட்டிக்கொண்டு வாறன்” என்றேன்.

கணவர் என்னைப் பார்த்தார், சிம்மாசனத்தைப் பார்த்தார். “கூட்டி வந்தால் இதைக் காண்பாரே” என்றார் மெதுவாக.

நான் வெளியே வந்தேன். இதுவரைக்கும் கதையில் நான் நல்லவள். மூன்று படி ஏறினேன், நான்காவதில் நின்றுவிட்டேன். அந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. படிவம் அவர் மேசையில் இருக்கிறது. அவர் கீழே வராவிட்டால் என் பொய் கீழேயே கிடக்கும். கண்ணாடிதானே, சுவிஸ் கண்ணாடி தடிப்பானதுதானே, உடையுமா என்ன? சுழல்காற்று ஓல்டனுக்கு வருமா? எத்தனையோ தரம் எச்சரிக்கை வந்தது, ஒன்றும் நடக்கவில்லையே? என் மனம் ஒரு அப்புக்காத்து மாதிரி எனக்காக வாதாடியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஐந்து மூச்சு இருக்கலாம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னில் கோபம் வருகிறது.

முதல் கல் படிக்கட்டு யன்னலில் விழுந்தது. தேசிக்காய் அளவு. அந்தச் சத்தத்தில் அப்புக்காத்து ஓடிவிட்டார். நானும் ஓடினேன், மேலே.

மணி அடித்தேன். கதவைத் தட்டினேன், பிறகு குத்தினேன். அவர் எழும்பவில்லை. அப்போதுதான் தக்காளித் திறப்பு நினைவுக்கு வந்தது. அவர் ஆஸ்பத்திரியால் வந்து இரண்டு வருடம் ஆகியும் அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முக்கியமானது எதுவோ அது பைக்குள் போகும் என்பதால் அதுவும் பைக்குள் போயிருந்தது. பெர்மிட்டையும் பதிவுக் கடதாசியையும் நிலத்தில் கொட்டி, அடியில் இருந்து அதை எடுத்தேன்.

நான் நினைத்த மாதிரியே இருந்தார். கண்ணாடியோடு ஒட்டின கதிரை, மடியில் பத்திரிகை, வாய் சற்றுத் திறந்தபடி. வெளியே கல் விழுந்து தோட்டம் வெள்ளையாகிக்கொண்டிருந்தது. வேலையிடத்தில் செய்வது போல முன்னால் போய் நின்று, முகம் தெரியக் குனிந்து, தோளில் கை வைத்தேன். கண்ணைத் திறந்தார். கத்தவில்லை. என்னைப் பார்த்தார், என் பின்னால் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், மணிக்கூட்டைப் பார்த்தார்.

கீழே என்று கையால் காட்டினேன். சப்பாத்து என்று அவர் காட்டினார். சப்பாத்துப் போடாமல் வீட்டை விட்டு வெளிக்கிடுவது அவருடைய வழக்கம் இல்லை. நான் முழங்காலில் இருந்து கொழுவிவிட்டேன். கருவியைக் காதில் செருகினார். கையைப் பிடித்துக்கொண்டு நடை வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தினோம். சாத்தின கையோடு உள்ளே பெரிய சத்தம் ஒன்று கேட்டது, தட்டு அடுக்கு முழுவதும் சரிந்த மாதிரி. அவர் கதவைத் திறக்கப் போனார். நான் விடவில்லை. கடதாசிகளைப் பைக்குள் அள்ளிக்கொண்டு அவரை இழுத்துப் போனேன்.

பங்கர் வாசலில் அவர் நின்றார். அவர் யானையைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார், சிம்மாசனத்தில் குழந்தையோடு இருந்த பெண்ணைப் பார்த்தார். தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“இது எப்போதிருந்து இங்கே இருக்கிறது?”

“எப்போதும் இங்கேதான் இருந்தது” என்றேன். “எடுத்துவிட்டோம் என்று உங்களிடம் பொய் சொன்னேன்.”

இந்த வசனத்தில் இரண்டு பிழை விட்டேன் என்று மகள் பிறகு சொன்னாள்.

அவர் உள்ளே வந்தார். இருப்பதற்கு இடம் தேடினார். சிம்மாசனத்தின் மற்றப் பாதிதான் இருந்தது. மாப்பிள்ளை இருக்கிற பக்கம். போய் இருந்தார், முதுகு நேராக, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து. தலைப்பாகை ஒன்றுதான் குறை. மகள் கைபேசியைத் தூக்கினாள். நான் கண்ணால் அதட்டினேன். ஆனாலும் எடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் மேலே மலை உருள்வது போலச் சத்தம். கதவு தடிப்பானபடியால் அது தூரத்தில் கேட்டது. விளக்கு இரண்டு தரம் இமைத்து நின்றுபோனது. குழந்தை அழத் தொடங்கியது. மகள் கைபேசி வெளிச்சத்தைப் போட்டாள். அப்போது ரயில்காரர் எழும்பினார்.

“காற்று இயந்திரத்தின் பிடி எங்கே?”

பிடி இருந்தது. அதில் என் கணவர் பன்னிரண்டு மாவிலைத் தோரணங்களைக் கொழுவி வைத்திருந்தார். நல்ல கொழுக்கி என்று நினைத்தாராம். ரயில்காரர் அந்தப் பிளாஸ்டிக் இலைகளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அவர் கோபப்பட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

“யானை பரவாயில்லை” என்றார். “ஆனால் இது மூச்சு. மூச்சில் எதையும் தொங்கவிடக் கூடாது.”

இதை மகள் தமிழில் சொன்னபோது என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் என்று எனக்கு விளங்கியது. தோரணங்களைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு பிடியைச் சுற்றத் தொடங்கினார். சுற்றிக்கொண்டே சொன்னார்: “எங்கட பங்கருக்கு காத்து வாறதுக்கு ஒரே ஒரு ஓட்டைதான் விட்டனாங்கள். அதுக்குள்ளால காத்தை விடப் பாம்புதான் கனக்க வந்தது.”

மகள் அதை ஜேர்மனில் சொன்னாள். கொசோவோக்காரன் முதலில் சிரித்தான். தன் தாய் வீட்டு நிலவறையில் பாம்பு இல்லை, மாமியார் இருந்தார் என்றான். அவன் மனைவி குழந்தையோடு சேர்த்து அவனுக்கு ஒரு உதை விட்டாள். அதன் பிறகு சிரிப்பு நிற்கவில்லை. ரயில்காரர் மணிக்கூட்டை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்கு முறை போட்டுத் தந்தார், ஆளுக்கு ஐந்து நிமிடம் சுற்ற வேண்டும். ஆறு ஏழு பேருக்கு அந்தக் காற்று தேவையே இல்லை என்று மகள் பிறகு சொன்னாள். யாருக்குத் தெரியும்? சுற்றச் சுற்ற ஒரு கிழட்டு முனகலோடு காற்று வந்தது, குழந்தை அந்தச் சத்தத்தில் தூங்கிவிட்டது. நான் என் முறையில் சுற்றும்போது கொஞ்சம் அழுதேன். இருட்டானபடியால் யாரும் காணவில்லை.

முக்கால் மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கியது. வெளியே வந்து பார்த்தோம். சுழல்காற்று எங்கள் ஊரைத் தொட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தொட்டது எதுவோ, அது பக்கத்து வீட்டுத் தோட்டக் குடையைக் காலோடு பிடுங்கி, ரயில்காரரின் கண்ணாடிக் கதவால் உள்ளே எறிந்திருந்தது. கதிரையின் சாய்வில், தலை இருக்கும் இடத்தில், உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்தது. அவர் அதை வெகு நேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த நான்காவது படியை நினைத்தேன்.

வானுக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பளம் அதிலேயே இருந்தது, குத்துவிளக்கு ஒன்று மட்டும் கூரையில் பள்ளம் விழுத்தியிருந்தது. கல் செய்யாததை விளக்கு செய்தது. எல்லோருமாகக் கண்ணாடி கூட்டினோம். கணவர் தாமரை வரைந்த மணவறைப் பலகையால் அவர் கதவை அடைத்துக் கொடுத்தார். ஒரு மாதமாக எங்கள் கட்டடத்தின் தோட்டப் பக்கத்தில் தாமரைப்பூ ஒன்று தங்க நிறத்தில் மின்னியது. நான் பொரித்த கத்தரிக்காயைக் குழம்பாக்கி எல்லோருக்கும் கொடுத்தேன். ரயில்காரர் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்துக்கொண்டு முழுவதும் சாப்பிட்டார்.

படிவத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பங்கரின் நடுப்பகுதியைக் கணவர் அந்தக் கிழமையே வெறுமையாக்கினார், இந்த முறை ஒரு ஓம்தான் சொன்னார். ஆனால் போன பொய் போனதுதானே. ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியை இரண்டு தரம் திறந்து பார்த்தேன். கள்ள மனம் துள்ளும் என்பார்கள், என்னுடையது நாட்டியமே ஆடியது.

இலையுதிர் காலத்தில் கெமைண்டவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அங்கால் ஒரு பெண், இரண்டு ஆண்கள். கேள்விகள் எல்லாம் கேட்டு முடித்து, அந்தப் பெண் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ரயில்காரரின் எழுத்தைத் தூரத்திலேயே கண்டுகொண்டேன். படிக்கட்டுப் பலகையில் பார்த்துப் பழகிய எழுத்து.

“உங்கள் அயலவர் விபரமாக எழுதியிருக்கிறார்” என்றார் அந்தப் பெண். “எவ்வளவு காலமாகத் தெரியும்? பதினொரு வருடமும் நான்கு மாதமும். வீட்டு விதிகளை மதிக்கிறாரா?” நிறுத்தி, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “இல்லை.”

மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்தேன். போச்சு என்று நினைத்தேன். விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் எனக்கு எழுதியிருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் வாசித்துக்கொண்டே போனார். “அவர் என்னிடம் ஒரு முறை பொய் சொன்னார். நான் கேட்டபோது எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டார். புயல் நாளில் என்னைப் பாதுகாப்பு அறைக்குக் கூட்டிவந்தால் பொய் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் காது கேட்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மேலே வந்தார்.”

மற்ற இரண்டு ஆண்களும் எட்டி அந்தத் தாளைப் பார்த்தார்கள்.

பாஸ், அதாவது சுவிஸ் கடவுச்சீட்டு, அடுத்த கோடைக்கு முன்னம் வந்துவிட்டது. சூரிச் விமான நிலையத்தில் மூன்று பேரும் ஒரே வரிசையில் போனோம். மகள் வேண்டுமென்றே அங்கால் போய் நின்று எனக்குக் கை காட்டினாள், குரங்குக்குட்டி. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் எனக்குப் பாஸ் கிடைத்த நாள் எது என்று கேட்டால், நான் அந்த நேர்காணல் நாளைத்தான் சொல்வேன். படிவத்தின் அடியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவர் எழுதியிருந்ததைத்தான் அந்தப் பெண் கடைசியாக வாசித்தார்.

“என் வீட்டுத் திறப்பு அவரிடம் இருக்கிறது. அது அவரிடமே இருக்கட்டும்.”

நான் பைக்குள் கையை விட்டு, கடதாசிகளுக்கு அடியில் தடவிப் பார்த்தேன். இருந்தது.